பகிடி பழசாகும், அப்புறம்? ஸ்டாண்ட்-அப் கலைஞர்கள் தங்கள் சரக்கைப் புதுப்பிக்கும் விதம்

ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சி முடிந்து சனம் வெளியே வரும்போது இரண்டு விதமான பேச்சு காதில் விழும். ஒன்று, "பாதி போன வருசம் சொன்னதுதானே, புதுசா ஒன்றுமில்லையா?" மற்றது, "அவருக்கு அது பிறவிக் குணம், வாயில் வருவதெல்லாம் பகிடிதான்." முதல் பேச்சு கலைஞரைச் சோம்பேறி ஆக்குகிறது, இரண்டாவது மந்திரவாதி ஆக்குகிறது. மேடைக்குப் பின்னால் அவர் செய்யும் வேலை இரண்டிலும் காணாமல் போய்விடுகிறது.

முப்பது, நாற்பது வருடங்கள் தொடர்ந்து சிரிக்க வைத்தவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் எப்படி வற்றிப் போகாமல் இருந்தார்கள் என்பதைச் சாதாரண ஆளும் விளங்கிக்கொள்ளலாம். தமிழில் இந்தக் கலை இப்போதுதான் வேகமெடுக்கிறது. சென்னைக் கலைஞர்களை அமேசான் பிரைமில் பார்த்துவிட்டு கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இளம் பிள்ளைகள் தாங்களும் முயன்று பார்க்கிறார்கள். அவர்களை எப்படிப் பார்ப்பது என்று பார்வையாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

எதைப் பற்றிக் கதைக்கிறோம்

ஸ்டாண்ட்-அப் என்பது ஒருவர் தனியே ஒலிவாங்கியோடு நின்று, தன் பெயரில், தன் அனுபவமாக, முன்னால் இருப்பவர்களிடம் நேரே கதைத்துச் சிரிக்க வைப்பது. பட்டிமன்றத்திலும் பகிடி உண்டு. ஆனால் அங்கே ஒரு தலைப்பும் எதிரணியும் பேச்சாளரைத் தாங்கிப் பிடிக்கும். இலங்கை வானொலியில் மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன், அப்துல் ஹமீட் என்று ஒரு கூட்டணி நாட்டையே சிரிக்க வைத்தது. அங்கே ஒருவர் தடுமாறினால் மற்றவர் பிடித்துக்கொள்ளலாம். ஸ்டாண்ட்-அப்பில் பிடிக்க ஆள் இல்லை.

ஒரு நிகழ்ச்சிக்காகக் கலைஞர் தயார் செய்து வைத்திருக்கும் பகிடிகளின் வரிசையை 'செட்' என்பார்கள். ஒரு மணி நேர செட்டில் நிமிடத்துக்கு 3 சிரிப்பு என்று வைத்துக்கொண்டாலே 180 சிரிப்பு. வாயில் வந்ததைச் சொல்லி அந்தக் கணக்கை எட்ட எவராலும் முடியாது. மேடையில் இயல்பாகத் தெரிவதில் பெரும்பகுதி முன்கூட்டியே எழுதி, சொல்லிப் பார்த்து, திருத்தியது.

பகிடி ஏன் பழசாகிறது

கலியாண வீடுகளில் ஒரு மாமா இருப்பார். தான் இளமையில் கொழும்பு வந்த கதையை ஒவ்வொரு கலியாணத்திலும் சொல்லுவார். மாப்பிள்ளை பகுதிச் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். மாமி மட்டும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கதையும் அதே கதை, சொல்லும் திறமையும் அதே திறமை. மாமிக்கு அடுத்த வரி தெரியும் என்பதுதான் வித்தியாசம்.

ஒரு பகிடியில் குறைந்தது இரண்டு பகுதிகள் உண்டு. கேட்பவர் மனதில் ஓர் எதிர்பார்ப்பைக் கட்டும் பகுதி 'செட்-அப்'. அந்த எதிர்பார்ப்பை வேறு பக்கம் திருப்பும் வரி 'பஞ்ச்'. நாம் ஒருவர் பேசுவதைக் கேட்கும்போது அடுத்து என்ன வரும் என்று மூளை தன் பாட்டில் ஊகித்துக்கொண்டே போகும். அந்த ஊகம் சட்டென்று பிசகி, ஆனால் வந்தது வேறு ஒரு விதத்தில் சரியாகப் பொருந்தும்போது சிரிப்பு வருகிறது. 1790இல் வெளிவந்த ஒரு நூலில் ஜெர்மன் தத்துவஞானி இமானுவேல் கான்ட் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார்: இறுகி நின்ற எதிர்பார்ப்பு திடீரென ஒன்றுமில்லாமல் போவதால் எழுவது சிரிப்பு.

பிசகுவது மட்டும் போதாது. பிசகியது யாருக்கும் உண்மையில் கேடில்லை என்றும் மனம் உணர வேண்டும். பீட்டர் மக்ரோ, கேலப் வாரன் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் முன்வைத்த விளக்கம் இது. வழக்கம் மீறப்பட வேண்டும், ஆனால் அந்த மீறல் பாதிப்பில்லாததாகத் தோன்ற வேண்டும். வாழைப்பழத் தோலில் சறுக்கியவர் எழும்பினால் பகிடி. எழும்பாவிட்டால் அம்புலன்ஸ்.

சுருக்கமாக: சிரிப்பு எதிர்பாராமையில் பிறக்கிறது. ஒருமுறை கேட்டவருக்கு அந்த எதிர்பாராமை பெருமளவு போய்விடுகிறது. ஆகவே பகிடி பழசாவது சொல்பவரின் குறையால் வருவதில்லை. அது பகிடியின் உடம்பிலேயே இருக்கிறது.

பழசாவதில் மூன்று வகை

முதல் வகையை மாமி காட்டிவிட்டார்: கேட்பவர் அறிந்துவிட்டார்.

இரண்டாவது வகையில் உலகம் நகர்ந்துவிடும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க மின்சாரம் போனது. கரண்ட் வரமுதலே வாட்ஸ்அப்பில் குரங்குப் பகிடி வந்துவிட்டது. அன்றிரவு எல்லாரிடமும் ஒன்று இருந்தது. இரண்டு கிழமை கழித்து அதை மேடையில் சொன்னால் மரியாதைக்குத்தான் சிரிப்பார்கள். செய்தியில் தொங்கும் பகிடி செய்தியோடு சேர்ந்து செத்துவிடும். இதனால்தான் நீண்ட காலம் நிலைத்தவர்களில் பலர் அன்றாடச் செய்தியை அளவோடுதான் தொட்டார்கள்.

மூன்றாவது வகையை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சொல்பவருக்கே அந்தப் பகிடி பழசாகிவிடுகிறது. ஒரே வரியை நூறு மேடைகளில் சொன்னவர் அதைச் சொல்லும்போது யோசிப்பதை விட்டுவிடுகிறார். வாய் தன் பாட்டில் ஓடும். எந்த இடத்தில் மூச்சு விடுவது, எங்கே புருவத்தை உயர்த்துவது எல்லாம் மனப்பாடம். பார்வையாளர் அதை முதல் தடவையாகக் கேட்டாலும் ஏதோ ஒன்று குறைவதை உணர்ந்துவிடுவார்கள். வரி சரி, நேரம் சரி, ஆனால் இவர் எங்களிடம் கதைக்கவில்லை, ஒப்புவிக்கிறார் என்று பட்டுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல வரியும் பாதிச் சிரிப்புத்தான் வாங்கும்.

இதைத் தவிர்க்க அனுபவசாலிகள் சின்ன உத்திகள் வைத்திருக்கிறார்கள். செட்டின் வரிசையை மாற்றிச் சொல்வார்கள். ஒரு பகிடியின் நடுவில் ஓரிடத்தை எழுதாமல் விட்டு, ஒவ்வொரு இரவும் அந்த இடத்தில் வேறு சொல் தேடுவார்கள். புதிதாக எழுதிய ஐந்து நிமிடத்தை நன்றாக ஓடும் இரண்டு பழைய பகிடிகளுக்கு நடுவே வைப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பயம் அவரை விழிப்பாக வைத்திருக்கும், பழைய பகிடிகளும் சேர்ந்து உயிர் பெறும்.

"அண்ணை றைட்" ஏன் பழசாகவில்லை

இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், நியாயமான கேள்வி. கே. எஸ். பாலச்சந்திரனின் "அண்ணை றைட்" தனி நடிப்பை எத்தனை தடவை கேட்டிருப்போம்? யாழ்ப்பாணத்து பஸ்ஸில் ஒரு கொண்டக்டர் படும் பாடு. மேடையில், கசற்றில், பிறகு புலம்பெயர்ந்த நாடுகளில் என்று அது பல பத்து வருடங்கள் ஓடியது. அடுத்த வரி தெரிந்தவர்களும் அதே இடத்தில் சிரித்தார்கள். எதிர்பாராமைதான் எல்லாம் என்றால் இது எப்படி?

பதில், அங்கே சிரிப்பு வேறு ஊற்றிலிருந்து வருகிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு மனிதரை அச்சு அசலாக முன்னால் நிறுத்தும்போது வரும் சிரிப்பு அது. அந்தக் குரல், அந்த அவசரம், சனத்தை உள்ளே தள்ளும் அந்தக் கெஞ்சலும் அதட்டலும். தெரிந்த முகத்தைத் திரும்பத் திரும்பக் காண்பதில் ஒரு சந்தோசம் இருக்கிறது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்தச் சந்தோசம் இன்னும் கூட.

நல்ல ஸ்டாண்ட்-அப் கலைஞர்களும் இந்த இரண்டு ஊற்றுகளையும் கலந்துதான் எடுக்கிறார்கள். பஞ்சை மட்டும் நம்பி எழுதிய பகிடி சீக்கிரம் பழசாகும். அதற்குள் ஒரு மனிதர் இருந்தால், அப்பாவோ, வீட்டுச் சொந்தக்காரரோ, சலூன்காரரோ, அது கொஞ்சக் காலம் கூடுதலாகத் தாங்கும்.

ஒரு பகிடி வளரும் விதம்

சரி, புதிய சரக்கு எப்படி உண்டாகிறது? இதைக் காட்ட ஒன்றைக் கட்டிப் பார்ப்போம். காலி வீதியில் புறக்கோட்டைக்கும் பாணந்துறைக்கும் இடையில் ஓடும் 100ஆம் இலக்க பஸ். பெரிய தாளைக் கொடுத்தால் கொண்டக்டர் மிச்சத்தைப் பிறகு தருவதாகச் சொல்வது எல்லாருக்கும் தெரிந்த அனுபவம். ஒரு புதுக் கலைஞர் முதலில் இப்படி எழுதுவார்:

"இந்த கொண்டக்டர்மார் மிச்சக்காசு தரவே மாட்டினம். கேட்டா இறங்கேக்க தாறன் எண்டுவினம். எங்கட நாட்டில எல்லாம் இப்பிடித்தான்."

இது முறைப்பாடு. கேட்பவர் தலையாட்டுவார், சிரிக்கமாட்டார். எதிர்பார்ப்பும் இல்லை, திருப்பமும் இல்லை. அடுத்த முயற்சி:

"ஆயிரம் ரூபா குடுத்தன். மிச்சம் இறங்கேக்க தாறன் எண்டார். நான் வெள்ளவத்தையில இறங்க வேண்டிய ஆள். நாலு வருசமா பாணந்துறையில குடியிருக்கிறன்."

இப்போது ஒரு திருப்பம் வந்துவிட்டது. மிச்சத்துக்காகக் காத்திருந்து கடைசித் தரிப்பிடம் வரை போய் அங்கேயே குடியேறிவிட்டார். ஆனால் மேடையில் சொல்லிப் பார்த்தால் பாதிச் சிரிப்புத்தான் வரும். இரண்டு சிக்கல் இருக்கிறது.

ஒன்று, கேட்பவர் மனதில் ஒரு சின்னக் கேள்வி நிற்கிறது: வாய் திறந்து கேட்டிருக்கலாமே? கேள்வி நிற்கும் இடத்தில் சிரிப்பு நிற்காது. இரண்டாவது, தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். 'பாணந்துறை' என்ற சொல்லில்தான் பகிடி இருக்கிறது. அதற்குப் பிறகு 'குடியிருக்கிறன்' என்று இன்னொரு சொல்லை இழுக்கும்போது, சிரிக்கத் தொடங்கியவர்கள் அது முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். அந்தக் கணத்தில் சூடு ஆறிவிடும். ஆங்கிலப் பகிடியைத் தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. தமிழில் பஞ்ச் எழுதுபவர் வெடிக்கும் சொல்லை வாக்கியத்தின் கடைசிக்குக் கொண்டுவர வழி தேட வேண்டும். இரண்டையும் திருத்தினால்:

"ஆயிரம் ரூபா குடுத்தன். மிச்சம் இறங்கேக்க தாறன் எண்டார். இறங்கேக்க கேக்கலாம்தான். கேக்கிறதுக்குச் சிங்களம் வேணும். எனக்குத் தெரிஞ்ச ஒரே சிங்களம் 'வெள்ளவத்த'. அது வந்து போயிட்டுது. நாலு வருசமா என்ர விலாசம், பாணந்துறை."

கேள்விக்கு விடை வந்தது, விடையிலேயே ஒரு சிரிப்பும் கிடைத்தது. வெடிக்கும் சொல் கடைசிக்கு வந்தது. இப்போது பஞ்சுக்குப் பின்னால், சிரிப்பு அடங்க முதல், இன்னொரு குட்டி வரி போடலாம். "போன கிழமை அவரைக் கண்டன். மிச்சத்தைக் கேட்டன். சில்லறை இல்லையாம்." இப்படிப் புது செட்-அப் இல்லாமல் அதே பகிடியிலிருந்து எடுக்கும் கூடுதல் சிரிப்பை 'டேக்' என்பார்கள். பழைய பகிடிக்கு உயிர் கொடுப்பதில் டேக்குக்குப் பெரிய பங்குண்டு. பகிடி அப்படியே இருக்க, வாலில் புது டேக் முளைத்துக்கொண்டே போகும். சில நேரம் டேக் வளர்ந்து பகிடியையே தள்ளிவிட்டுத் தான் வந்து அமர்ந்துகொள்ளும்.

செட்டின் கடைசியில், சனம் பஸ்ஸை மறந்திருக்கும் நேரம், கலைஞர் 2022 ஏப்ரலைப் பற்றிக் கதைக்கிறார் என்று வைப்போம். நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்திவைத்த மாதம். "கடன் தந்தவங்கள் கேட்டாங்கள், எங்கட காசு எங்க எண்டு. நாங்கள் சொன்னம், இறங்கேக்க தாறம்." முன்னால் சொன்னது எதிர்பாராத இடத்தில் திரும்பி வருவதால் பிறக்கும் இந்தச் சிரிப்புக்குப் பெயர் 'கால்பேக்'. பழைய வரி புதுப் பொருளோடு வருகிறது. கவனித்துக் கேட்டவருக்குத் தானும் இந்த விளையாட்டில் இருந்தேன் என்ற மகிழ்ச்சி.

இந்தத் திருத்தங்கள் மேசையில் இருந்து மட்டும் வருவதில்லை. யாரும் பதிந்து ஏறிச் சில நிமிடம் சொல்லிப் பார்க்கக்கூடிய மாலைகளை 'ஓப்பன் மைக்' என்பார்கள். பயிற்சி நிலையம் அதுதான். உலகப் புகழ் பெற்ற அமெரிக்கக் கலைஞர் கிறிஸ் ரொக் கூட பெரிய மேடைக்கு முன் சின்னச் சின்ன க்ளப்புகளில் குறிப்புத் தாளோடு ஏறி, பல வரிகள் தோற்றுப்போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு மணி நேரத்தைச் சேர்க்கிறார். இன்னொரு பிரபல அமெரிக்கக் கலைஞர் ஜெரி சைன்ஃபெல்ட் காலைச் சாப்பாட்டுப் பண்டம் ஒன்றைப் பற்றிய பகிடியை இரண்டு வருடமாகச் செதுக்குவதாக 2012இல் சொன்னார்.

சுருக்கமாக: பகிடி அனுபவத்தில் தொடங்குகிறது, முறைப்பாட்டைக் கடந்து திருப்பம் பெறுகிறது, பார்வையாளர் முன்னால் ஓட்டைகள் தெரிந்து அடைபடுகின்றன. புதுசாக இருப்பது என்பதன் முதல் அர்த்தம், இந்த வேலையை நிறுத்தாமல் செய்வது.

எறிவதா, வைத்திருப்பதா

ஒரு காலத்தில் பகிடியை மாற்றவே தேவை இருக்கவில்லை. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1930கள் வரை 'வோட்வில்' என்ற பல்சுவை மேடைகள் ஊர் ஊராக நடந்தன. பத்துப் பதினைந்து நிமிட சரக்கு கையில் இருந்தால் வருடக்கணக்கில் அதையே கொண்டு சுற்றலாம். அடுத்த ஊர்ச் சனம் அதைக் கேட்டிருக்காது. வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபோது ஒரே இரவில் நாடே கேட்டுவிட்டது. பல வருடங்களுக்குப் போதுமாக இருந்த சரக்கு ஒரு நிகழ்ச்சியில் தீர்ந்தது.

இதற்கு மிகக் கடுமையான பதிலைக் கொடுத்தவர் அமெரிக்கக் கலைஞர் ஜோர்ஜ் கார்லின். தொலைக்காட்சியில் முழு நீளமாகப் பதிவாகும் ஒருவரின் நிகழ்ச்சியை 'ஸ்பெஷல்' என்பார்கள். கார்லின் 1977 முதல் 2008 வரை எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்கு 14 ஸ்பெஷல் செய்தார். ஒன்று முடிந்ததும் அந்தச் சரக்கை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் புதிதாக எழுதத் தொடங்குவார். பின்னால் வந்த பலருக்கு இதுவே அளவுகோல் ஆனது. சைன்ஃபெல்ட் 1998இல் தன் பழைய பகிடிகளையெல்லாம் கடைசித் தடவையாகச் சொல்வதாக அறிவித்து, நியூயோர்க் பிரோட்வேயில் ஒரு ஸ்பெஷல் செய்தார். அந்தப் பகிடிகளுக்குச் செத்தவீடு நடத்தும் காட்சியோடு அது தொடங்கும். பிறகு சின்னக் க்ளப்புகளுக்குத் திரும்பிப் போய், கையில் ஒன்றுமில்லாமல் ஆரம்பித்தார்.

ஏன் எறிய வேண்டும்? நன்றாக ஓடும் பகிடி கையில் இருக்கும்வரை கலைஞர் அதன்மேல் சாய்ந்துகொள்வார். அது சிரிப்பைத் தந்துகொண்டே இருப்பதால் புதியதைத் தேடும் நெருக்கடி வராது.

எல்லாரும் இந்த வழியில் போகவில்லை. ஃபிலிஸ் டில்லர் 1955இல், 37 வயதில், ஐந்து பிள்ளைகளின் தாயாக மேடையேறினார். தன் பகிடிகளை ஒவ்வொன்றாகச் சிறு அட்டைகளில் தட்டச்சுச் செய்து, பொருள்வாரியாகப் பிரித்து, இழுப்பறைகள் நிறைந்த ஓர் இரும்பு அலுமாரியில் அடுக்கினார். அந்த அலுமாரி இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே 50,000க்கும் மேற்பட்ட அட்டைகள். அவரிடம் எதுவும் வீணாகவில்லை. இன்று ஓடாத வரி வேறொரு நிகழ்ச்சியில் வேறொரு வரியோடு சேர்ந்து ஓடலாம்.

என் மனம் டில்லர் பக்கம்தான் சாய்கிறது. எறிவதற்கு முதலில் இருக்க வேண்டும். கார்லினிடமும் தலைப்புவாரியாகக் குறிப்புகள் குவிந்திருந்தன. மேடையில் சொல்லி முடித்ததைத்தான் அவர் விட்டார், சேர்த்து வைப்பதை விடவில்லை. தொடக்கக்காரர்கள் ஸ்பெஷலை எறிந்த கதையைக் கேட்டு மெய்சிலிர்க்கிறார்கள். தினமும் நாலு வரி எழுதி வைக்கும் பழக்கத்தைக் கேட்டால் முகம் வாடுகிறது.

புதுசு எங்கே இருக்கிறது

சேர்ப்பதும் எறிவதும் கருவிகள். நாற்பது வருடம் தாங்குவதற்கு இன்னொன்று வேண்டும்.

மேடையில் ஒருவர் எந்த மாதிரி ஆளாக நின்று உலகத்தைப் பார்க்கிறார் என்பதை 'மேடை ஆளுமை' என்று சொல்லலாம். ரொட்னி டேஞ்சர்ஃபீல்ட் இளமையில் பகிடி சொல்லித் தோற்று, தொழிலை விட்டு, விற்பனை வேலைக்குப் போனவர். நாற்பதுகளில் திரும்பி வந்தபோது யாரும் மதிக்காத மனிதன் என்ற ஒரே ஆளுமையோடு வந்தார். 1967இல் எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியே அவரை அமெரிக்கா அறிந்தது. மனைவி மதிப்பதில்லை, வைத்தியர் மதிப்பதில்லை, பிள்ளைகள் மதிப்பதில்லை. ஆள் மாறவில்லை, ஆனால் அந்த ஆள் காலடி வைக்கும் இடமெல்லாம் புதுப் பகிடி கிடைத்தது. 2004இல் இறக்கும்வரை அந்த ஊற்று வற்றவில்லை.

கார்லின் வேறு மாதிரி. 1960களில் கோட் சூட்டோடு, தலை சீவி, தொலைக்காட்சிக்கு ஏற்ற பிள்ளையாக இருந்தார். 1970 வாக்கில் தாடியும் நீண்ட முடியுமாக மாறி, தான் உண்மையில் நினைப்பதைச் சொல்லத் தொடங்கினார். 2008இல், 70 வயதில் செய்த கடைசி ஸ்பெஷலில் முதுமையைப் பற்றியும் சாவைப் பற்றியும் கதைத்தார், செத்துப்போன நண்பர்களின் பெயர்களை விலாசப் புத்தகத்திலிருந்து வெட்டுவதைப் பற்றியும் சொன்னார். அந்தப் பகிடியை 30 வயதில் அவரால் எழுதியிருக்க முடியாது. அப்போது வெட்டுவதற்குப் பெயர்கள் இருந்திருக்காது. சில மாதங்களில் அவரும் போய்விட்டார்.

எங்கள் பஸ்ஸுக்கே திரும்பி வருவோம். அதே கலைஞருக்கு இப்போது 55 வயது என்று வையுங்கள். "பஸ்ஸில ஏறினன். ஒரு பெடியன் எழும்பி இடம் தந்தான். கொண்டக்டர் நான் கேக்க முதலே மிச்சத்தை எண்ணிக் கையில வைச்சார். முப்பது வருசமாக் கேட்ட காசு. கையில வாங்கேக்கதான் தெரிஞ்சுது, நான் கிழவன்." அதே பஸ், அதே மிச்சக்காசு. பார்க்கும் ஆள் மாறிவிட்டார், அதனால் பகிடி புதுசு.

நீண்ட காலம் தாங்கியவர்கள் எல்லாரிடமும் நான் காண்பது இதுதான். அவர்கள் புதுப் புது விசயங்களைத் தேடி அலையவில்லை. குடும்பம், பணம், உடம்பு, பயம் என்று நாலைந்து விசயங்களையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஆனால் தாங்கள் மாறியதை ஒளிக்கவில்லை. 50 வயதில் 25 வயதுக்காரனின் கோபத்தை நடிப்பவரின் சரக்குத்தான் பழசாகிப் போகிறது, எழுதியது நேற்றைக்கு என்றாலும்.

கொழும்புக் கணக்கு

இனி எங்கள் ஊருக்கு வருவோம். இங்கே புதுசாக இருப்பது நியூயோர்க்கை விடக் கஷ்டம், காரணம் எளிமையானது. அங்கே ஒரே இரவில் நாலு க்ளப்புக்குப் போய் நாலு வேறு கூட்டத்தின் முன்னால் ஒரே பகிடியைச் சோதிக்கலாம். கொழும்பில் தமிழ் நிகழ்ச்சிக்கு வருபவர்களின் வட்டம் சின்னது. பம்பலப்பிட்டியில் முன் வரிசையில் இருந்தவர் அடுத்த மாதம் வெள்ளவத்தையிலும் முன் வரிசையில் இருப்பார். அவர் அறிமுகமானவராக, பெரும்பாலும் ஏதோ வழியில் சொந்தக்காரராகவும் இருப்பார். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பகிடி முழு வளர்ச்சி அடைய முதலே பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. "போன முறை சொன்னதுதானே" என்று அவர் சொல்லும்போது, தான் பார்த்தது இரண்டாம் வரைவு, இப்போது பார்ப்பது ஐந்தாம் வரைவு என்பதையும் சேர்த்துக் கவனித்தால் நிகழ்ச்சியை இரட்டிப்பாக ரசிக்கலாம். எந்த வரி போனது, எது புதிதாக வந்தது, ஏன்?

வட்டம் சின்னது என்றாலும் அது ஒரே மாதிரியான கூட்டம் இல்லை. மண்டபத்தில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்று எல்லாரும் கலந்திருப்பார்கள். 'இறங்கேக்க' என்ற சொல்லில் யாழ்ப்பாணத்தவர் சிரிப்பார், மலையகத்து ஹட்டனிலிருந்து வந்தவர் ஒரு கணம் பிந்துவார். அதனால் இங்குள்ள கலைஞர் ஒரே பகிடியை வெவ்வேறு பேச்சில் சொல்லிப் பார்க்கப் பழகுகிறார். சிலர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் செய்து பார்க்கிறார்கள். மொழி மாறும்போது எந்தச் சிரிப்பு சொல்லில் இருந்தது, எது எண்ணத்தில் இருந்தது என்று தெளிவாகத் தெரிந்துவிடும். எண்ணத்தில் இருந்தது தப்பிப் பிழைக்கும்.

இன்னொரு சுமையும் உண்டு, இது பாரமானது. 2023இல் கொழும்பு மேடையொன்றில் சொன்ன பகிடிகளின் காணொளி பரவியதால் ஒரு பெண் கலைஞர் மே மாதம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதுசெய்யப்பட்டார். யூலையில் மேல் நீதிமன்றம் பிணை வழங்கும்வரை விளக்கமறியலில் இருந்தார். அந்தப் பகிடிகள் பிடித்ததா இல்லையா என்பது வேறு கேள்வி. அதற்குப் பிறகு இங்கே புது வரியைச் சொல்லிப் பார்க்கும் ஒவ்வொருவரும் அந்த நினைவோடுதான் மேடையேறுகிறார்கள். சோதனை வரி என்பது அளவு தப்பக்கூடிய வரி. தப்பிப் பார்த்தால்தான் எல்லை எங்கே என்று தெரியும். அளவு தப்புவதற்கு இடமில்லாதபோது எல்லாரும் மாமியார் பகிடிக்குத் திரும்பிவிடுகிறார்கள், பிறகு நாங்களே "புதுசா ஒன்றுமில்லையா" என்கிறோம்.

மண்டபத்துக்குள் போன் தூக்குவதைக் கலைஞர்கள் ஏன் வெறுக்கிறார்கள் என்பதும் இப்போது விளங்கும். அமெரிக்காவில் 2014இல் தொடங்கிய யொண்டர் என்ற நிறுவனம் பார்வையாளரின் போனைப் பூட்டி அவரிடமே கொடுக்கும் பைகளைச் செய்கிறது. டேவ் சப்பேலும் கிறிஸ் ரொக்கும் தங்கள் நிகழ்ச்சிகளில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நீங்கள் எடுக்கும் 40 செக்கன் காணொளி குடும்பக் குழுவுக்குப் போனால் அங்கிருந்து ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போகும். கலைஞர் ஒரு வருடம் செதுக்கிய பஞ்ச் அத்தோடு முடிந்தது.

அப்படியென்றால் கலைஞர்களே இன்ஸ்டகிராமில் துண்டுகள் போடுகிறார்களே என்று கேட்கலாம். அவற்றைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் முன்வரிசையில் இருப்பவரிடம் பெயர் என்ன, என்ன தொழில் என்று கேட்டு அந்த இடத்திலேயே பகிடி எடுக்கும் பகுதியாக இருக்கும். இதை 'க்ரவுட் வேர்க்' என்பார்கள். கேட்கும் கேள்விகளில் சில பழகியவை, பதில் மட்டும் ஒவ்வொரு இரவும் வேறு. ஆகவே அதை வெளியிட்டாலும் செட்டிலிருந்து ஒரு வரியும் குறையாது. எழுதித் திருத்திய சரக்கை அவர்கள் ஸ்பெஷல் வெளிவரும் நாள்வரை மண்டபத்துக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்.